சுவரின் முதுகு

பச்சைத் தண்ணீர் வெளியே வரப் பதினேழு நிமிடம் ஆனது.

கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் வாயில் பிளம்பர் ஒரு கரண்டி சாயப்பொடியைப் போட்டு, அதன் மேல் தோட்டக் குழாயைத் திறந்துவிட்டார். நான் கீழே தெருவில் நின்றுகொண்டு எங்கள் வீட்டின் முன்னால் ஓடும் கல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் வயிறு தள்ளியிருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு கற்களுக்கு நடுவே இருந்த மயிரிழை விரிசலில் முதலில் ஈரம் படர்ந்தது. பிறகு அந்த ஈரம் நிறம் மாறியது. கொஞ்ச நேரத்தில் பச்சையாக ஒரு கோடு கல்லின் மேல் இறங்கி நடைபாதையைத் தொட்டது.

நான்கு வருடமாக அந்தச் சுவர் சாய்வதற்கு மேலே நிற்கும் ஓக் மரம்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மரத்தை வெட்ட ஆளைக்கூட விசாரித்துவிட்டேன். மரம் ஒரு பாவமும் செய்யவில்லை. எங்கள் கூரையில் பெய்த மழையில் பாதி, மண்ணுக்கடியில் உடைந்துபோன பழைய சுடுமண் குழாய் வழியாக நேராகச் சுவரின் முதுகில் போய் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நாங்கள் இருப்பது பிட்ஸ்பர்க். நம்மவர்களில் பலருக்கு இந்த ஊர் வெங்கடேஸ்வரர் கோயிலால் பழக்கம். பென் ஹில்ஸில் 1970-களில் எழுந்த அந்தக் கோயிலுக்குப் போனவர்களுக்கு இந்த ஊரின் நிலம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஆறுகள், அவற்றுக்கு நடுவே செங்குத்தான மேடுகள். தெருவாகப் போட முடியாத இடத்தில் படிக்கட்டாகப் போட்டிருக்கிறார்கள், அப்படி எழுநூறுக்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள். மண்ணை வெட்டித்தான் வீடு, வெட்டிய மண்ணைப் பிடித்து நிறுத்தத் தடுப்புச் சுவர். இந்த ஊரில் தடுப்புச் சுவர் இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீடு ஷென்லி ஃபார்ம்ஸ் பகுதியில் இருக்கிறது. ஃபிராங்க்ளின் நிக்கோலா என்பவர் 1905-இல் நிலத்தை வாங்கி, மின்கம்பிகளைக்கூட அப்போதே மண்ணுக்கடியில் கொண்டுபோய், ஒழுங்காகத் திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பு. தெருக்களுக்கு டென்னிசன், ரஸ்கின், லிட்டன் என்று எழுத்தாளர்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கும் மேலான வீடுகள். நகராட்சி இதை வரலாற்றுப் பகுதி என்று அறிவித்துப் பாதுகாக்கிறது. வாங்கும்போது இதெல்லாம் எங்களுக்குப் பெருமையாக மட்டும்தான் தெரிந்தது.

2018-இல் இங்கே மழை நிற்கவே இல்லை. சராசரியாக வருடத்துக்கு 38 அங்குலம் பெய்யும் ஊரில் அந்த வருடம் 57 அங்குலத்துக்கு மேல் பெய்தது. பதிவுகள் தொடங்கியதிலிருந்து அவ்வளவு பெய்ததில்லை. ஏப்ரலில் ஈஸ்ட் பிட்ஸ்பர்க்கில் 30-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு துண்டே சரிந்து கீழே இருந்த கட்டடத்தின் மேல் விழுந்தது. இந்த வட்டாரத்துப் பாறை அடுக்குகளில் சிவப்புக் களிமண் பாறை ஒன்று உண்டு. காய்ந்திருக்கும்போது கல், நனைந்தால் சோப்பு. அந்தக் கோடையில்தான் எங்கள் சுவரில் முதல் புடைப்பைப் பார்த்தேன். ஒரு கல் மட்டும் வரிசையிலிருந்து ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது. கையால் தடவினால்தான் தெரியும். நான் தினமும் தடவினேன்.

வீட்டுக் காப்பீட்டுக்காரரிடம் கேட்டேன். பாலிசியை எடுத்து, "நில நகர்வு" என்று தலைப்பிட்ட பத்தியைக் காட்டினார். நிலம் நகர்ந்து வரும் சேதம் எதுவும் இதில் அடங்காது. அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். மேட்டில் வீடு வாங்க நினைக்கும் நண்பர்கள் சமையலறையைப் பார்க்கும் முன் இந்தப் பத்தியைப் படித்துவிட வேண்டும்.

அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டுக் காட்டினேன். அவர் நீலகிரியில் நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கோத்தகிரியில் இருக்கிறார். நான் கேமராவைச் சுவரின் முகத்தின் மேல் மெதுவாக ஓட்டினேன், புடைப்பைக் காட்டினேன், விரிசலைக் காட்டினேன்.

"ஏங்கண்ணு, முன்னாடி காட்டுனது போதும். பின்னாடி என்ன போட்டிருக்கான்?"

"பின்னாடி மண்ணுதானுங்கப்பா."

"மண்ணு இருந்தா எப்படி நிக்கும்? கல்லு இருக்கோணும். தண்ணி எந்த வழியா வெளிய வருது, அதைய மொதல்ல பாரு."

2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த நாட்களில் அப்பா வீட்டுக்கே வரவில்லை, ரோட்டிலேயே கிடந்தார். திரும்பி வந்தபோது ஒன்று சொன்னார்: அவர் பார்த்த வளைவுகளில் நின்றிருந்த சுவர்கள் எல்லாமே கனமான சுவர்கள் இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் துளைகளில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வருடம் கழித்து அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டார். நான் அதற்குப் பிறகுதான் பிளம்பரைக் கூப்பிட்டேன்.

எங்கள் சுவர் 42 அடி நீளம், ஆறடி உயரம். பின்னால் இருக்கும் மண் அதை எவ்வளவு தள்ளுகிறது என்று எங்கள் பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். நன்றாக வடிந்த மண் என்றால் ஒவ்வொரு அடி நீளத்துக்கும் ஏறக்குறைய 650 பவுண்டு. அதே மண்ணுக்குள் சுவரின் உச்சி வரை தண்ணீர் நின்றுவிட்டால் 1,400 பவுண்டைத் தாண்டிவிடும். மண்ணுக்கு உள்ளுக்குள் ஒரு பிடிப்பு உண்டு. ஒரு மணல் மணி இன்னொன்றைப் பற்றிக்கொண்டு, தன் பாரத்தில் ஒரு பகுதியைத் தானே தாங்கிக்கொள்கிறது. தண்ணீருக்கு அந்தப் பிடிப்பு கிடையாது, தன் முழு எடையையும் பக்கவாட்டிலும் அப்படியே தள்ளும். இன்னொன்றும் சொன்னார். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்காகிறது, கவிழ்க்கும் பலம் எட்டு மடங்காகிறது. மூன்றடிச் சுவரை நாமே ஒரு வார இறுதியில் அடுக்கிவிடலாம். ஆறடிச் சுவரை அதே தைரியத்தில் தொடக் கூடாது. நாலு அடிக்கு மேல் போனால் அனுமதி வாங்கச் சொல்லும் விதி அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் இருப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

குளிர்காலம் தன் பங்குக்கு வேறு. தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் பருக்கிறது. இங்கே தரை மூன்றடி ஆழம் வரை உறையலாம் என்று வைத்துத்தான் கடைக்கால் தோண்டுகிறார்கள். நீர் தேங்கிய களிமண் ஒவ்வொரு ஜனவரியிலும் சுவரை ஒரு நெல்மணி அளவு முன்னால் தள்ளும், மார்ச்சில் உருகும், ஆனால் சுவர் பின்னால் போகாது.

மூன்று பேர் வந்து பார்த்துப் போனார்கள். முதலாமவர் எல்லாவற்றையும் இடித்துக் கான்கிரீட் ஊற்றி, கல் மாதிரி அச்சுப் போட்டுத் தருகிறேன் என்றார். இரண்டாமவர் கட்டுமானக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் சிமென்ட் பிளாக்குகளைச் சொன்னார். அதில் தவறு ஒன்றும் இல்லை, பொறியியல்படி மிக நல்ல சுவர் அது. இடையிடையே பின்னல் வலையை மண்ணுக்குள் கொண்டுபோய் இழுத்துக் கட்டினால் மலையையே பிடிக்கும். ஆனால் இந்தத் தெருவில் அதை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

இங்கே பலரும் குழம்பும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வரலாற்றுப் பகுதி என்பது இரண்டு வகை. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் தேசியப் பதிவேட்டில் உங்கள் தெரு இருக்கலாம். அது கௌரவம். உங்கள் சொந்தக் காசில் நீங்கள் செய்யும் வேலையை அந்தப் பதிவேடு தடுக்காது. கையைப் பிடிப்பது உள்ளூர்ச் சட்டம்தான். 1931-இல் சார்ல்ஸ்டன் நகரம் தொடங்கிவைத்த வழி அது. நகராட்சி அறிவித்த பகுதிக்குள் இருந்தால், தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் எதை மாற்றுவதற்கும் முன்னால் ஓர் ஆணையத்திடம் போய், செய்யப்போகும் வேலை இடத்துக்குப் பொருந்துகிறது என்று சான்றிதழ் வாங்க வேண்டும். எங்கள் பகுதி இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. வரிச் சலுகை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: மத்திய அரசின் 20 சதவீதச் சலுகை வருமானம் தரும் கட்டடங்களுக்குத்தான். நாமே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது.

இப்படிப்பட்ட ஆணையங்கள் பெரும்பாலும் கையில் வைத்திருப்பது அமெரிக்க உள்துறைச் செயலரின் பெயரில் உள்ள பத்து நெறிகள். அதில் ஆறாவது என் மனதுக்குப் பிடித்தது. பழுதான பழைய அம்சத்தை மாற்றாதே, பழுது பார். மாற்றியே ஆக வேண்டும் என்றால் புதியது வடிவத்திலும் நிறத்திலும் மேற்பரப்பிலும் பழையதைப் போல இருக்கட்டும், முடிந்தால் பொருளிலும். அண்டை வீட்டுக்காரர்கள் சிலர் இதைத் தொல்லை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் வீட்டின் சுவரை நான் உள்ளேயிருந்து பார்ப்பதே இல்லை. அதைத் தினமும் பார்ப்பவர்கள் தெருவில் போகிறவர்கள். அவர்களுக்கும் அதில் ஒரு சொல் இருப்பது நியாயம்.

ஆனால் ஒன்று உறுத்தியது. விண்ணப்பத்தில் கேட்டதெல்லாம் முகத்தைப் பற்றி. கல் என்ன, சாந்தின் நிறம் என்ன, இணைப்புக் கோடு எவ்வளவு அகலம், மேல் மூடுகல் எப்படி. முதுகைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அது கட்டட அனுமதி தரும் துறையின் வேலை, அவர்களுக்கு முகம் முக்கியமில்லை. ஒரே சுவரை இரண்டாகப் பிளந்து இரண்டு அலுவலகம் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் ஒருவர் வேண்டும், அது வீட்டுக்காரராகத்தான் இருக்க முடியும். எங்கள் சுவர் செத்ததே இந்தப் பிளவில்தான் என்பது பிரித்த பிறகு தெரிந்தது.

மூன்றாவதாக வந்தவர் கல் கொத்தனார். அறுபதைத் தாண்டியவர். விலை சொல்வதற்கு முன் பையிலிருந்து தூக்குக் குண்டை எடுத்துச் சுவரின் உச்சியிலிருந்து சற்று முன்னால் நீட்டிப் பிடித்துத் தொங்கவிட்டார். ஆரம்பத்தில் சுவர் பின்பக்கமாக, அடிக்கு ஓர் அங்குலம் சாய்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஓரங்களில் அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. நடுவில் குண்டு கல்லைத் தொட்டுக்கொண்டு கீழே இறங்க மறுத்தது. அவர் நூலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். பிறகு உளியின் நுனியால் இணைப்பில் ஒரு தட்டுத் தட்டினார். கணீர் என்றது. சிமென்ட். இன்னும் ஆழமாகக் குடைந்தார். பின்னாலிருந்து வெள்ளையாக, விரலில் நசுக்கினால் மாவாகும் பழைய சாந்து உதிர்ந்தது. சுண்ணாம்பு.

எப்போதோ, அநேகமாக நாங்கள் பிறந்த காலத்தில், யாரோ இந்தச் சுவரை நன்றாக இருக்கட்டும் என்று நினைத்து வெளிப்பக்க இணைப்புகள் முழுவதையும் கெட்டிச் சிமென்டால் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்து மூச்சு விடும், அதன் வழியாக ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து காயும். கல்லை விடச் சாந்து மென்மையாக இருப்பதால், தேய வேண்டி வந்தால் சாந்து தேயும், கல் பிழைக்கும். சாந்தைச் சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். சிமென்ட் போட்டதும் கணக்குத் தலைகீழானது. ஈரம் வெளியேற ஒரே வழி கல்தான். இங்கே கிடைக்கும் மணற்கல் ஈரத்தைக் குடிக்கும், குளிரில் அதன் மேல்தோல் அப்பளம் போல உரியும். எங்கள் சுவரில் இணைப்புக் கோடுகள் எல்லாம் எலும்பு மாதிரி துருத்திக்கொண்டிருக்க, கற்கள் உள்ளே குழிந்திருந்தன.

இவரிடம் வேலையைக் கொடுத்தோம். ஒரு நடுத்தரமான புதுக் கார் வாங்கும் காசு. பொறியாளர் முதலில் கேட்டது வேறு. உள்ளே கம்பி போட்ட கான்கிரீட் சுவர், வெளியே பழைய கற்களை நாலு அங்குலக் கனத்துக்கு அறுத்து ஒட்டுவது. பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள், ஆணையங்களும் ஒப்புக்கொள்கின்றன. எனக்கு மனம் வரவில்லை. முன்னூறு கல்லின் முகத்தை மட்டும் அறுத்து வைத்துக்கொண்டு உடம்பைக் குப்பையில் போடுவது பாதுகாப்பு ஆகாது. இரண்டு வாரம் பேசி, பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய சுவர் 20 அங்குலக் கனம். தன் எடையாலேயே நிற்கும் சுவருக்கு அடியில் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் கனம் வேண்டும். ஆகவே முகம் பழைய இடத்திலேயே, பழைய கற்களோடு. கூடுதல் கனம் முழுவதும் பின்னால், மண் பக்கமாக. அடியில் 38 அங்குலம், மேலே போகப் போகக் குறையும். தெருவுக்கு எதுவும் மாறியிருக்காது.

தோண்டுவதற்கு முன் 811-க்கு அழைத்தோம். மண்ணுக்கடியில் எரிவாயு, மின்சாரம், தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று வந்து வண்ணக் கோடு போட்டுப் போவார்கள், காசு கிடையாது. மூன்று வேலை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். நிக்கோலா மின்கம்பியைப் புதைத்த ஊர் என்பதால் இதை விட்டுவிட முடியாது.

பிரிக்கும் வேலை ஏப்ரல் கடைசியில் தொடங்கியது. ஒரே நேரத்தில் முழு நீளத்தையும் திறந்தால் மேட்டு மண் மொத்தமாக இறங்கிவிடும், மேலே ஓக் மரம், அதற்குப் பின்னால் வீடு. அதனால் எட்டடி எட்டடியாக, ஒன்று விட்டு ஒன்று. முதலில் முகத்தைப் படம் எடுத்து, படத்தின் மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் எண். எண்ணைக் கல்லின் முகத்தில் எழுதக் கூடாது, சாந்துக்குள் மறைந்துபோகும் பக்கத்தில் எழுத வேண்டும். மொத்தம் 312 கற்கள். மாலையில் ஆபீஸ் முடிந்து வந்து நானும் மகளும் எண் எழுதினோம். 147-ஆம் எண் கல்லின் அடியில் பழைய கல்தச்சர் போட்ட உளிக் குறி ஒன்று இருந்தது, அம்பு போல. எந்தப் பக்கம் மேலே என்று காட்டுவதற்காக இருக்கலாம் என்றார் கொத்தனார்.

அப்படி ஒரு குறிக்கு அர்த்தம் உண்டு. மணற்கல் ஆற்றுப் படுகையில் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. அது பூமிக்குள் எப்படிக் கிடந்ததோ அதே கிடையில்தான் சுவரிலும் கிடக்க வேண்டும். புத்தகத்தைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றினால் ஒன்றும் ஆகாது. பக்கங்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு தாளாகப் பிரியும். எங்கள் சுவரில் மோசமாக உரிந்திருந்த ஒன்பது கற்களும் அப்படி நிறுத்தி வைக்கப்பட்டவை, ஒரே இடத்தில், ஒரே பழைய பழுதுபார்ப்பில். அவற்றை மட்டும் புதுக் கல்லால் மாற்றினோம்.

மூன்றாவது நாள் கொத்தனார் என்னை வேலை நேரத்திலேயே போன் போட்டுக் கூப்பிட்டார். போனபோது பிரித்த சுவரின் கீழ் வரிசையில் கையை வைத்துக் காட்டினார். இரண்டு அங்குல விட்டத்தில் ஒரு சுடுமண் குழாய், சுவரின் முதுகிலிருந்து முகம் வரை, லேசாக முன்பக்கம் சரிந்து. உள்ளே வாய் திறந்திருந்தது. வெளி முனையில் சிமென்ட் உருண்டை. யாரோ விரலால் அமுக்கி அடைத்து, மேலே கரணையால் வழித்து, கல்லின் நிறத்துக்கு மட்டமாக்கியிருந்தார்கள். விரல் பதிந்த பள்ளம்கூடத் தெரிந்தது. அதற்கடுத்த எட்டடியில் இன்னொன்று. மொத்தம் ஆறு. ஆறும் அடைபட்டிருந்தன.

நான் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இதைச் செய்தவர் சோம்பேறி இல்லை. ஒவ்வொரு துளையையும் தேடி, பொறுமையாக, அழகாக அடைத்திருக்கிறார். சுவரின் முகத்தில் அழுக்குத் தண்ணீர் வழிந்து கறை படிவது அவருக்கோ வீட்டுக்காரருக்கோ பிடிக்கவில்லை. முகத்தைக் காப்பாற்றப்போய் உயிரை எடுத்துவிட்டார்கள்.

எதிர்வீட்டுப் பாட்டியம்மாவிடம் (எண்பத்தாறு வயது, இந்தத் தெருவிலேயே வளர்ந்தவர்) குழாயைக் காட்டினேன். அவர் உள்ளே போய் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துவந்தார். பள்ளிச் சீருடையில் அவர், பின்னால் எங்கள் சுவர். சுவரில் ஆறு கறுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கறைக் கோடு. "மழை நாளில் அதில் காகிதக் கப்பல் விடுவோம்" என்றார். ஆறு குழாய்களையும் வெளியே தெரியும்படி திரும்ப வைக்கக் கூடுதல் அனுமதி கேட்டபோது அந்தப் படத்தின் பிரதியை இணைத்தோம். புதிதாகத் துளை போடுவது வேறு, இருந்ததை மீட்பது வேறு. ஒரு கேள்வியும் வராமல் ஒப்புக்கொண்டார்கள்.

இனிப் பின்பக்கம். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு வெறும் உடைகல். அடியில் நாலு அங்குலத் துளைக் குழாய், அதன் துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பலர் மேல்நோக்கி வைத்துவிடுகிறார்கள். அடியிலிருந்து ஏறிவரும் தண்ணீர் கீழ்த் துளையில் உடனே நுழையும், மேல்த் துளை என்றால் குழாய் மூழ்கும்வரை காத்திருக்க வேண்டும். உடைகல்லைச் சுற்றி ஜியோடெக்ஸ்டைல் துணி, மண் கல்லுக்குள் கசிந்து அடைக்காமல் இருக்க. மேலே எட்டு அங்குலக் களிமண் மூடி, அதன் மேல் புல். மழைநீர்க் குழாய்க்கு மண்ணுக்கடியில் புதுப் பாதை, சுவரை விட்டு விலகி.

இதில் ஒரு நாள் தப்பினோம். பென்சில்வேனியாவில் ஜல்லிக்கு டூ ஏ, டூ பி என்று இரண்டு பெயர் அடிக்கடி காதில் விழும். டூ ஏ என்பதில் பொடியும் கலந்திருக்கும், ரோட்டுக்கு அடியில் போட்டு இடித்தால் கெட்டியாகும். டூ பி என்பது பொடி நீக்கிய சுத்தமான கல், தண்ணீர் சலசலவென்று இறங்கும். நாங்கள் கேட்டது டூ பி. லாரி வந்து கொட்டிவிட்டுப் போனது டூ ஏ. நான் பார்த்தபோது எல்லாம் ஜல்லிதான். கொத்தனார் ஒரு வாளியில் அள்ளிப்போட்டுத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் மேலேயே நின்றது, பால் மாதிரி. வேறு லாரி வரும்வரை இரண்டு நாள் வேலையை நிறுத்தினார். அந்த வாளித் தண்ணீர் மட்டும் இல்லையென்றால், இவ்வளவும் செய்துவிட்டு முதுகில் மறுபடி ஒரு அணை கட்டியிருப்போம், வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது.

கற்களைத் திரும்ப வைக்கும்போது இன்னொரு பிரச்சினை, நிறம். இந்த ஊரின் எஃகு ஆலைப் புகை கல்லில் எல்லாம் படிந்திருக்கிறது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1941-இல் வந்தது, போரால் தள்ளிப்போய் 1946-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கரி எங்கள் சுவரின் முகத்தில் மெல்லிய கறுப்புத் தோலாக இருந்தது. அதே கல்லின் மற்றப் பக்கங்கள் தேன் நிறம். ஒரு கல்லைத் தெரியாமல் திருப்பி வைத்தால் பல் விழுந்த வாய் மாதிரி பளிச்சென்று தெரியும். மணல் பீய்ச்சி எல்லாவற்றையும் தேன் நிறமாக்கிவிடலாமே என்றார் ஒரு நண்பர். கல்லின் தோலை உரிக்கிற வேலை அது, பிறகு கல் வேகமாகப் பொடியும். பக்கத்திலிருக்கும் 42 மாடிக் கதீட்ரல் ஆஃப் லேர்னிங் கட்டடத்தை 2007-இல் கழுவிச் சுத்தம் செய்தார்கள், அது பெரிய நிபுணர்களின் வேலை. எங்களுக்குக் கரி இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டோம். ஆலைகளில் உழைத்தவர்களின் காலம் அதில் இருக்கிறது. புதிய ஒன்பது கற்கள் மட்டும் வெளிறித் தெரிகின்றன. எது பழசு எது புதுசு என்று தெரிவது நல்லதுதான்.

சாந்து இயற்கை நீர்ச் சுண்ணாம்பு (தண்ணீர் பட்டு இறுகும் வகை), எண் 3.5 (அது வலிமையைக் குறிக்கும் எண்). பழைய சாந்தில் இருந்த மணலின் பருமனையும் நிறத்தையும் பார்த்து அதற்குப் பொருத்தமான மணல். இந்தச் சாந்துக்கு அவசரம் ஆகாது. வெயிலில் வேகமாகக் காய்ந்தால் விரிசல் விடும், உறைபனி பட்டால் உதிரும். ஆகஸ்டில் முடிக்க வேண்டும் என்று கொத்தனார் முதலிலேயே சொன்னதற்கு அதுதான் காரணம். கட்டிய பகுதிகளின் மேல் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு நாளைக்கு மூன்று முறை நனைத்தோம். அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"சாக்குப் போட்டிருக்கானா?" என்று முகம் மலர்ந்தார். "அங்கயும் சாக்குத்தானா கண்ணு?"

"சாக்குத்தானுங்கப்பா."

"அப்ப ஆளு வேலை தெரிஞ்சவன்."

மண்ணை மூடும் முன் ஒரு நாள் லீவு போட்டு முதுகைப் படம் எடுத்தேன். குழாய் எங்கே திரும்புகிறது, துணி எங்கே மடிகிறது, பின்பக்கக் கல் எவ்வளவு ஆழம், மழைநீர்ப் பாதை வீட்டிலிருந்து எத்தனை அடி. டேப்பைக் கல்லின் மேல் வைத்து அளவு தெரியும்படி. பொறியாளரின் வரைபடத்தில் மாறிப்போன இடங்களைச் சிவப்பு மையால் திருத்தினேன். எல்லாவற்றையும் ஒரு தடித்த உறையில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். அந்தச் சிமென்ட் உருண்டைகளில் ஒன்றும் உள்ளே இருக்கிறது. உறையின் மேல் கொட்டை எழுத்தில், "முன்னால் உள்ள ஆறு துளைகளை அடைக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் இரவு முழுவதும் மழை. விடியும் முன் குடையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினேன். முதல் குழாயில் விரல் கனத்துக்குத் தண்ணீர். இரண்டாவதில், மூன்றாவதில், நாலாவதில் அப்படியே. ஐந்தாவதில் சொட்டு. ஆறாவது காய்ந்திருந்தது. வயிற்றைக் கலக்கியது. குனிந்து துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், தொலைவில் உடைகல் தெரிந்தது, ஈரமாக. போனில் அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கேமராவைச் சுவரின் பக்கம் திருப்பினேன்.

"அது மேட்டுப் பக்கத்துக் குழாய் கண்ணு," என்றார். "தண்ணி அவ்வளவு தூரம் ஏறி வரோணுமல்ல. சித்த நில்லு."

எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. பாட்டியம்மா ஜன்னலருகே வந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, எங்கள் சுவரைப் பார்த்தார்.